புகை வருகிறது, நெருப்பு ஏன் வருவதில்லை?

பதுளை மாவட்டத்தில், மகியங்கனையிலிருந்து பதியத்தலாவைக்குப் போகும் வழியில் இருக்கிறது தம்பானை. இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர்களின் ஊர். தேடி வருகிறவர்களுக்குத் தீப்பெட்டி இல்லாமல் நெருப்பு உண்டாக்கிக் காட்டும் வழக்கம் இங்கே இன்றும் உண்டு. பார்க்கும்போது சுலபமாகத் தெரியும். வீட்டுக்குப் போய் இரண்டு குச்சிகளை எடுத்துக் கடைந்தால் கை கொப்பளிக்கும், கொஞ்சம் புகையும் வரும். நெருப்பு மட்டும் வராது.

கோலை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுவதுதான் இதில் மிகப் பழைய முறை. கை கீழே இறங்கிக்கொண்டே போகும், மறுபடி மேலே கொண்டுபோவதற்குள் சூடு ஆறிவிடும். அந்தக் குறையைத் தீர்க்கக் கயிறு வந்தது. எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறைப் பொருட்களில் தீக்கடையும் கருவி ஒன்றும் இருந்தது. ஆர்க்டிக் பனிநாட்டு இனுயிட் மக்கள் கோலின் தலையைப் பல்லால் கடித்த கட்டையால் அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் வாரை இழுத்தார்கள். வேள்விகளில் அரணிக் கட்டையைக் கடைந்து தீ எடுப்பதும் இதே வேலைதான்: ஒருவர் மேலிருந்து அழுத்த, மற்றவர் கயிற்றை மாறி மாறி இழுப்பார். 1975இல் கேரளத்தின் பாஞ்ஞாளில் நடந்த அக்னிசயன வேள்வியில் இப்படிக் கடைந்ததைப் படமாகவே பதிவு செய்திருக்கிறார்கள். கயிற்றை ஒரு வில்லில் கட்டிவிட்டால் இரண்டு பேர் வேலையை ஒருவரே பார்க்கலாம். துளை போடத் தச்சர்கள் வைத்திருந்த பழைய வில்துறப்பணம் அதுதான்.

வில்லால் தீக்கடைய வேண்டியவை அடிப்பலகை, கட்டைவிரல் பருமனுள்ள கோல், வில், கோலின் தலையை அழுத்திப் பிடிக்க ஒரு மூடி, இந்த நான்கே. தேயிலைத் தோட்டத்தில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. கவாத்து வெட்டிய தேயிலைக் கிளையில் நல்ல வளைவுள்ளது வில்லாகும். மூடிக்குச் சிரட்டைத் துண்டு போதும். தவறு நடப்பது பெரும்பாலும் பலகைக்கும் கோலுக்கும் மரம் தேர்ந்தெடுப்பதில்தான். பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தின் பத்தனைப் புல்வெளிகளில் நட்ட பைன் மரம் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பதால் பலரும் அதை வெட்டி எடுப்பார்கள். அதன் பிசின் சூட்டில் இளகி, பலகையில் கோல் சுழலும் குழியை வழவழப்பாக்கிவிடும். தேயிலைக் கட்டையோ மிகவும் கடினம். அல்பீசியா போல எடை குறைந்த, மென்மையான, பிசினில்லாத மரம்தான் வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் உளுத்துப்போயிருக்கக் கூடாது.

குழிக்குப் பக்கத்தில் வெட்டும் பள்ளத்தைச் சிலர் அலங்காரம் என்று நினைத்துவிடுகிறார்கள். வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு, ஆப்பு வடிவில், குழியின் நடுப்பகுதியை எட்டும்படி அதை வெட்ட வேண்டும். நெருப்பு பிறக்கும் இடம் அதுவே. தேய்ந்து விழும் தூள் அங்கே ஒன்றாய்க் குவிந்து, தன் சூட்டைத் தானே காத்துக்கொள்கிறது. அந்தத் தூள் சுமார் 400 பாகை செல்சியஸை எட்டினால்தான் கனலும். வெட்டு இல்லாவிட்டால் தூள் குழியைச் சுற்றிச் சிதறி ஆறிப்போகும்.

எங்கே பிழை என்று தெரிய, முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தூளைத்தான். வெளிர் பழுப்பாகச் சொரசொரவென்று இருந்தால் அழுத்தமோ வேகமோ போதவில்லை. சிறு புழுக்களைப் போலச் சுருண்டு விழுந்தால் மரத்தில் ஈரம் இருக்கிறது. கரும்பழுப்பாக, பஞ்சுபோல் மென்மையாக விழுந்தால் சரியான பாதையில் போகிறது, நிறுத்தக் கூடாது. தூளே வராமல் கோல் கீச்சிட்டு, குழி கண்ணாடிபோல் பளபளத்தால் குழியையும் கோலின் முனையையும் கத்தியால் சுரண்டி, ஒரு சிட்டிகை மணலைப் போட்டு, அழுத்தத்தைக் கூட்டிக் கடைய வேண்டும். கீழே புகை வராமல் மேலே மூடியில் புகைந்தால் உழைப்பெல்லாம் தப்பான இடத்துக்குப் போகிறது. கோலின் மேல்முனையைக் கூராக்கி, மூடிக்குள் சவர்க்காரமோ ஒரு பச்சை இலையோ வைத்தால் வழுக்கிச் சுழலும். கயிறு நழுவினால் இன்னும் முறுக்கிக் கட்டலாம். உருண்டையான கோலின் பக்கங்களை எட்டுப் பட்டையாகச் சீவினாலும் கயிறு பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தோற்பவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் மழைதான். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை பதுளையில் மழை கொட்டும். ஈரக்காற்றில் வைத்த மரம் அந்த ஈரத்தை உறிஞ்சும். காற்றின் ஈரப்பதன் 90 வீதமாக இருந்தால் மரத்தில் எடைக்கு 20 வீதம் அளவுக்குத் தண்ணீர் நிற்கும், 50 வீதமானால் 9 வீதம்தான். கடையும்போது பிறக்கும் சூடு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. தூள் கனல்வதற்குள் கை ஓய்ந்துவிடும். லயத்து அடுப்புக்கு மேலே பரணில் விறகு காயவைக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. பலகையையும் கோலையும் அங்கேயே சில வாரம் வைத்துவிட்டால், மழை மாதத்திலும் வேலை நடக்கும்.

கடைசிக் கட்டத்தில் அவசரம் கெடுக்கும். வெட்டு நிறைந்ததும் வில்லை இன்னும் வேகமாக இழுக்க வேண்டும். கோலை எடுத்த பிறகும் தூள் தானாகப் புகைந்தால் கனல் பிடித்துவிட்டது. உடனே ஊதக் கூடாது. சற்று நேரம் கையால் மெல்ல விசிறி, திரண்ட கனலைத் தேங்காய்த் தும்பும் உலர்ந்த மானாப்புல்லும் சேர்த்துக் கசக்கிய கூட்டில் இறக்கி, அடியிலிருந்து நீளமாக ஊத வேண்டும்.

ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும்போது மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். ஊவாத் தேயிலைக்கு வாசனை கூடுவதும் அந்த மாதங்களில்தான், பத்தனை மலைகள் பற்றி எரிவதும் அந்த மாதங்களில்தான். பழகுகிறவர்கள் அப்போது புல் பக்கம் போகாமல், முற்றத்து வெறும் மண்ணில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார வேண்டும்.