உங்களுக்குத் தெரியுமா? உறுமுகிற நாயை அடிக்கலாகாது!

பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா முதலிய நான்கு ஜாதி நாய்களைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1991-இல் சட்டமியற்றித் தடை செய்ததைப் பலர் அறிவர். ஆனால் அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு, எந்த ஜாதி நாயாயினும் அதனை அபாயகரமாகக் கட்டுமீற விட்ட சொந்தக்காரரைக் குற்றவாளியாக்குகிறது என்பதையும், 2014-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்பிரிவு சொந்த வீட்டிற்குள்ளும் செல்லுபடியாகும்படி விரிவாக்கப்பட்டது என்பதையும் அறிந்தவர் சிலரே.

அமெரிக்காவின் பார் ஹார்பர் நகரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் இரு விஞ்ஞானிகள் பல்லாண்டுகள் நாய்களை வளர்த்துப் பரிசீலித்து 1965-இல் வெளியிட்ட நூலோ, பிறந்த 3-ஆம் வாரம் முதல் ஏறக்குறைய 12-ஆம் வாரம் வரையுள்ள பருவமே குட்டி மனிதரோடு சிநேகம் கொள்வதற்கு உகந்தது என்று தெளிவுபடுத்திற்று. அந்த அருமையான வாரங்களில் குட்டியைச் சங்கிலியில் பிணித்து மூலையில் தள்ளிவிட்டு, பின்னர் அந்நியரைக் கண்டு அஞ்சிச் சீறுகிறதே என்று அதனையே நிந்திப்பது எத்துணை அநியாயம்!

இன்னொன்றும் கூறவேண்டும்: உறுமுகிற நாயைப் பிரம்பால் அடித்து மௌனமாக்குகிறவர் அதன் பயத்தைப் போக்குவதில்லை, கடிக்குமுன் எச்சரிக்கும் வழக்கத்தை மட்டுமே அழிக்கிறார். ஆதலால் அது உறுமினால், குழந்தைகளை விலக்கி, அதனை அச்சுறுத்திய காரணத்தை ஆராய்ந்து, மிருக வைத்தியரிடம் காண்பிப்பதே உசிதம். மறைந்த காதுவலியும் மூட்டுவலியும்கூடச் சாதுவான நாயைக் கடிக்கச் செய்வதுண்டு.