முகவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடலாமா?

வீடு வாங்கும்போதும் விற்கும்போதும் நாம் நாடும் சொத்து முகவர்களைப் பற்றியதே இவ்வாரக் கருத்தரங்கம். தலைப்பைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தவர் என் அத்தை.

2007ஆம் ஆண்டில் அவர் தம் நாலறை வீட்டை விற்றார். வாங்க வந்தவருக்கும் அத்தைக்கும் ஒரே முகவர். "கவலைப்படாதீங்க ஆன்ட்டி, ரெண்டு பக்கமும் நானே பார்த்துக்கிறேன்" என்றார். அத்தையும் நம்பிக் கையெழுத்துப் போட்டார். அதே புளோக்கில் அதே மாதம் இன்னொரு வீடு 20,000 வெள்ளி கூடுதலாக விலைபோனது பிறகுதான் தெரிந்தது. இரு தரப்பிலும் தரகுப் பணம் வாங்கிய முகவர் யாருக்காகப் பேரம் பேசினார்? மாமா காலமான பின் அத்தைக்கு எஞ்சிய சேமிப்பே அந்த வீடுதான்.

சொத்து முகவர்களுக்கான சட்டம் 2010ல் வந்தது. அவர்களைக் கண்காணிக்கும் சிஇஏ மன்றமும் அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கியது. ஆனாலும் நம்மிடையே சில தவறான எண்ணங்கள் இன்னும் இருக்கின்றன.

"ஒரே முகவர் என்றால் செலவு மிச்சம்"

ஒரே விற்பனையில் வாங்குபவர், விற்பவர் இருவருக்காகவும் ஒரு முகவர் செயல்படுவது இன்று சட்டப்படி குற்றம். வாடகைக்கும் இதே விதிதான். "நீங்கள் யாருடைய முகவர்?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

"தரகுப் பணம் இவ்வளவு என்று விதி இருக்கிறது"

விற்பவர் 2 விழுக்காடு, வாங்குபவர் 1 விழுக்காடு என்பது வெறும் வழக்கம். எந்தச் சட்டமும் கட்டணத்தை நிர்ணயிக்கவில்லை. பேசி முடிவு செய்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தையும் முகவரின் சொந்தக் கணக்கில் போடாமல் அவரது நிறுவனத்திடமே செலுத்துங்கள்.

"முன்பணத்தை முகவரிடம் கொடுத்தால் போதும்"

கூடவே கூடாது. வீடு வாங்கும், விற்கும் பணத்தையோ வீவக வீட்டு வாடகைப் பணத்தையோ முகவர் கையாளச் சட்டம் அனுமதிக்கவில்லை. வீவக மறுவிற்பனை வீட்டுக்கான முதல் முன்பணம் 1,000 வெள்ளிக்கு மேல் போகாது. அதை நேராக விற்பவரிடமே கொடுங்கள்.

"வீடு பிடித்துவிட்டது, மற்றதெல்லாம் முகவர் வேலை"

நம் சமூகத்தினர் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 1989ல் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. இந்தியர், மற்றவர் பிரிவின் வரம்பு எட்டப்பட்ட புளோக்கில், அப்பிரிவைச் சேர்ந்த ஒருவர் விற்றால்தான் நாம் வாங்க முடியும். சீனர் வரம்பு எட்டப்பட்டிருந்தால் நம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. வாங்க வருவோர் குறைவார்கள், விலையும் இறங்கக்கூடும். வீவக இணையத்தளத்தில் இதை நாமே பார்க்கலாம். மாதந்தோறும் முதல் தேதியில் விவரம் புதுப்பிக்கப்படுகிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

"முகவர் இல்லாமல் விற்கவே முடியாது"

முடியும். 2018 முதல் வீவக மறுவிற்பனை இணையவாசல் மூலம் விண்ணப்பங்களை நாமே செய்யலாம். அதற்காக முகவர்கள் தேவையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அக்கம்பக்கத்து விலை நிலவரம் அறிந்து, வருவோரை வடிகட்டி, தாள்களைச் சரிபார்த்து, நமக்காக வாதாடும் நல்ல முகவருக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

அவர் நல்லவரா என்று தெரிந்துகொள்ள முதல் படி எளிது. ஒவ்வொரு முகவருக்கும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் உண்டு. சிஇஏ இணையத்தளத்தில் அதைத் தேடிப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். நிரப்பாத படிவத்தில் மட்டும் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

முகவர் நாம் அமர்த்தும் உதவியாளர். வீட்டுக்கு உரியவர் நாம்தான். "அன்னைக்கு ரெண்டு கேள்வி கேட்டிருக்கலாம்" என்று அத்தை இன்றும் சொல்வார். அந்த இரண்டு கேள்விகளை நீங்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்!