குலுங்கும் கேமரா, குமட்டும் வயிறு

2008 ஜனவரியில் 'க்ளோவர்ஃபீல்ட்' படம் வெளியானபோது அமெரிக்கத் திரையரங்குகள் சிலவற்றில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இந்தப் படம் பார்த்தால் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம் என்று அது எச்சரித்தது.

கதை எளிமையானது. நியூயார்க்கின் மன்ஹாட்டனை ராட்சத விலங்கு ஒன்று துவம்சம் செய்கிறது. வழியனுப்பு விருந்தைப் படம்பிடிக்கக் கேமராவைக் கையில் வாங்கிய ஹட் என்ற இளைஞன், அதைக் கீழே வைக்காமலே உயிர்தப்ப ஓடுகிறான். அவன் கேமராவில் பதிவதுதான் நாம் பார்க்கும் படம்; அவன் ஓடினால் திரையும் ஓடும். விழுந்தால் திரையும் விழும். சுதந்திர தேவி சிலையின் தலை தெருவில் வந்து உருள்வதைக்கூட இந்தத் தள்ளாட்டத்தோடுதான் பார்க்கிறோம். இயக்குநர் மாட் ரீவ்ஸ் வேண்டுமென்றே செய்தது இது. ஒரு கணம் தெரிந்து மறைவதால்தான் அந்த விலங்கை நம்புகிறோம் என்பேன்.

சரி, நாமும்தான் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். அப்போது ஏன் உலகம் இப்படிக் குலுங்குவதில்லை?

இந்தப் பக்கத்தைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் இடவலமாக வேகமாக ஆட்டுங்கள். எழுத்துகளைப் படிக்க முடியும். இப்போது தலையை அசைக்காமல் பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டிப் பாருங்கள். எல்லாம் கலங்கிவிடும். ஒவ்வொரு உள்காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பினால் அவற்றிலுள்ள திரவம் பின்தங்குகிறது. அந்தச் செய்தி மூளைத்தண்டு வழியாகக் கண் தசைகளுக்குப் போய், சுமார் நூறில் ஒரு நொடிக்குள் கண்கள் எதிர்த்திசையில் திரும்பிவிடுகின்றன. காட்சி நிலைத்து நிற்பது அதனால்தான்.

திரையரங்கில் இந்த ஏற்பாடு கைகொடுப்பதில்லை. தலை அசையவில்லை என்கிறது காது. ஓடுகிறோம் என்கிறது கண். திரை பெரிதாக இருந்து பார்வையின் ஓரங்களையும் நிரப்பினால் குழப்பம் கூடும். பக்கத்துத் தண்டவாளத்து ரயில் நகரும்போது நம் ரயிலே கிளம்பியதாகத் தோன்றுகிறதே, அந்த மயக்கத்தை உண்டாக்குவதில் ஓரப் பார்வைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் இதற்கு வயிறு ஏன் புரள வேண்டும்? புலன்கள் முரண்பட்டால் உடலில் விஷம் ஏறிவிட்டதென்று மூளை எடுத்துக்கொண்டு வாந்தியைத் தூண்டுகிறது என்று 1977-இல் மிஷெல் ட்ரைஸ்மன் ஒரு கருத்தை முன்வைத்தார். கவர்ச்சியான விளக்கம்; இன்னும் நிரூபணமாகவில்லை. உறுதியாகத் தெரிந்தது வேறொன்று: இரு உள்காதுகளின் சமநிலை உறுப்புகளும் முழுதாகச் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதில்லை. அதாவது, குமட்டல் வர அந்த உறுப்புகள் வேலை செய்ய வேண்டும். ஆகவே இத்தகைய படத்தில் வயிறு புரண்டால் அதைப் பலவீனம் என்று யாரும் கேலி செய்ய வேண்டாம்.

குலுங்கும் படத்துக்குப் போவதானால் பின்வரிசையில் டிக்கெட் எடுங்கள். கொட்டாவி, எச்சில் ஊறல், குளிர்ந்த வியர்வை என்று தொடங்கியதுமே கண்ணை மூடிக்கொள்ளுங்கள்; அல்லது வெளியேறும் வாசலின் விளக்கு போன்ற அசையாத ஒன்றைப் பாருங்கள். அடங்காவிட்டால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். பயணக் குமட்டலுக்கான மாத்திரைகளை முன்கூட்டியே போட்டால்தான் பலன். அதையும் மருத்துவரைக் கேட்டே போடுங்கள்.