அண்மையில் ஓர் ஓய்விடம்

ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் ஓய்தல் வேண்டுமென்பது திருமறையின் கட்டளை. ஓய்வு என்றவுடன் நம்மிற் பலர் உதகையையும் கோடைக்கானலையும் நினைப்பர். சென்று மீள்வதிலேயே களைப்புற்றுத் திங்கட்கிழமை வகுப்பில் உறங்குவர். ஓய்வுக்கு வேண்டுவது தொலைவன்று, அமைதியே.

காஞ்சி மாநகரில் தறியொலியும் பட்டுக்கடை வீதியின் ஆரவாரமும் மிகுதி. எனினும் ஊரின் மேற்கெல்லையில் கைலாசநாதர் கோயில் தனித்து நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த மணற்கற்கோயில் இது. திருச்சுற்றில் 58 சிற்றாலயங்கள் வரிசையாக அமைந்துள்ளன. காலை வேளையில் அவற்றின் நிழலில் அமர்ந்தால் மனம் தானே அடங்கும்.

அச்சிற்றாலயச் சுவர்களிலுள்ள பல்லவர்கால ஓவியங்களை, புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த ழூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1931-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். ஊரின் அருகிலேயே இருந்தும் அவை அதுவரை உலகறியாது கிடந்தன. விரைந்து செல்வோர்க்கு அண்மையிலுள்ளதும் மறைபொருளே. நின்று நோக்குவார்க்கே அது புலப்படும்.

ஆதலின், மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறையில் நும் ஊரிலேயே இத்தகைய ஓரிடத்தைத் தேடுமின். பொருட்செலவும் இல்லை, திங்களன்று உறக்கமும் வாராது.