சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

கொல்கத்தாவில் ஒரு சந்தை. சிறுவன் ஒருவன் காய்கறி விற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். உருளைக்கிழங்கு கிலோ 20 ரூபாய். வெங்காயம் கிலோ 30 ரூபாய். கிழங்கு 800 கிராம், வெங்காயம் ஒன்றரைக் கிலோ வாங்குகிறார் ஒருவர். 200 ரூபாய் நோட்டை நீட்டுகிறார். மீதி எவ்வளவு?

சிறுவன் தாளும் பேனாவும் தேடுவதில்லை. கிழங்கு 200 கிராம் 4 ரூபாய். 20-இல் 4 போனால் 16. வெங்காயம் 45. ஆக 61. மீதி 139 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிடுகிறான். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளை அறிஞர்கள் சிலர் ஆராய்ந்தார்கள். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அவர்களில் இருவர். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் விற்கும் 1,436 பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஆராய்ச்சி முடிவு 2025-இல் வெளிவந்தது.

விற்கும்போது போட்ட மனக்கணக்கு பெரும்பாலும் சரியாக இருந்தது. பழக்கம் இல்லாத பொருளையும் விலையையும் சொல்லிக் கேட்டார்கள். அதற்கும் விடை வந்தது. ஆனால் அதைவிட எளிய கணக்கைப் பள்ளியில் தருவதுபோல் வெறும் எண்களாகக் கொடுத்தபோது அதே பிள்ளைகள் திணறினார்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். கடைப் பழக்கம் இல்லாத 471 பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிய எழுத்துக் கணக்கு வந்தது. சந்தைக் கணக்கு வரவில்லை. ஒரு சந்தைக் கணக்கை விற்கும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர்தான் போட்டார்!

அப்படியானால் யார் மக்கு? இரு தரப்புக்கும் அறிவு இருக்கிறது. வகுப்பில்தான் இரண்டையும் யாரும் சேர்த்து வைக்கவில்லை.

சேர்ப்பது பெரிய வேலை அல்ல. “கிலோ 20 ரூபாய். 800 கிராம் என்ன விலை?” என்று ஆசிரியர் முதலில் வாயால் கேட்கலாம். கடைப்பிள்ளை வழி சொல்வான். அவன் சொன்னதையே கரும்பலகையில் 20 - 4 = 16 என்று எழுதலாம். தன் மனக்கணக்குதான் அங்கே எழுத்தாக நிற்கிறது என்று அவனுக்குப் புரியும். மற்றப் பிள்ளைகள் தராசு பிடித்து நிறுத்துப் பார்க்கலாம்.

இதற்காகப் பிள்ளையைக் கடையில் உட்கார வைக்க வேண்டாம். 14 வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு.

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தாம். உங்கள் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று சொன்னால், எந்தக் கணக்கு என்று அந்தக் கூட்டத்தில் கேளுங்கள்.