இலையுதிர்ந்த மரமும் இளவேனிலும்

இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் என்று நம் பள்ளிச் சிறுவர் மனப்பாடம் செய்கின்றனர். மரங்களோ இவ்வரையறையைப் பொருட்படுத்துவதில்லை. தென்னிந்திய உயர்நிலப் பகுதிகளில் தை கழியுமுன்னரே கல்யாண முருங்கை செந்நிறப் பூக்களை ஏந்துகிறது. மாசியில் இலவும், பலாசம் எனப்படும் புரசும் இலையற்ற கிளைகளில் பூத்து நிற்கின்றன. நூல்கள் பின்பனி என வகுத்த பருவமே பல மரங்களுக்கு வசந்தத்தின் தொடக்கமாகும். தோட்டமும் சாலை நிழலும் அமைப்போர் முதற்கண் கவனிக்கற்பாலது இவ்வேறுபாடேயாம்.

இதனை ஒரு நகரின் அளவில் பயன்படுத்தியவர் குஸ்டாவ் ஹெர்மன் கிரும்பீகல் என்னும் தோட்ட அமைப்பு நிபுணர். 1865இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிற் பிறந்த இவர், லண்டன் கியூ தோட்டத்திற் பணியாற்றிய பின் 1893இல் பரோடா சமஸ்தானத்திற்கு வந்தார். 1908இல் மைசூர் அரசுப் பணியை ஏற்றுப் பெங்களூர் லால்பாகிற்கு வந்து, 1932 வரை அப்பணியில் இருந்தார். 1956இல் அந்நகரிலேயே காலமானார். ஒரு சாலையின் மரங்கள் பூத்து ஓயும்போது மற்றொரு சாலையின் மரங்கள் பூக்கத் தொடங்குமாறு இனங்களைத் தேர்ந்து நடுதல் இவர் கையாண்ட முறை. சொல்லக் கேட்குங்கால் இஃது எளிதாகவே தோன்றும். ஆனால் இம்முறையில் நடுபவர் ஒவ்வோர் இனத்தைப் பற்றியும் இலை உதிரும் நாள், மொட்டு விரியும் நாள், தளிர் விடும் நாள், விதை முற்றும் நாள் ஆகிய நான்கையும் அறிந்திருத்தல் வேண்டும். நாற்று விற்பனைப் பட்டியலில் இவை காணக்கிடைப்பதில்லை. ஆண்டு முழுவதும் மரத்தைக் கண்டு குறித்தாலன்றி அறியவும் இயலாது.

ஜனவரி முதல் மே வரை பெங்களூர்ச் சாலைகளைப் பார்த்து வருவோர் அவ்வொழுங்கை இன்றும் ஓரளவு காணலாம். இளஞ்சிவப்பு டபீபூயாவும், அதனையொட்டி மஞ்சள் டபீபூயாவும் முதலில் வருகின்றன. மார்ச்சில் ஜாகரண்டாவின் நீலம். ஏப்ரலில் சரக்கொன்றை, தூங்குமூஞ்சி. பின்னர் குல்மோஹர், பெருங்கொன்றை, பூமருது. இன்று காணப்படும் மரங்கள் யாவும் கிரும்பீகல் காலத்தன அல்ல. 1980களில் வனத்துறையினர் நட்டவை மிகப் பல. மேலும் டபீபூயாவும் ஜாகரண்டாவும் அமெரிக்க வெப்பநாடுகளுக்கும், குல்மோஹர் மடகாஸ்கருக்கும் உரியன என்பதைப் பார்வையாளர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். நம் மண்ணின் புங்கு இவற்றினிடையே அடக்கமாகத் தளிர்த்து, யுகாதியையொட்டி வேம்புடன் சேர்ந்து பூத்து, பொரி சிதறியதுபோல் நடைபாதையை நிரப்புகிறது. அதைப் படமெடுக்க எவரும் வருவதில்லை. தேனீக்கள் மட்டும் தவறுவதில்லை.

நீர் அரிதான இப்பருவத்தில் மரம் பூப்பதெவ்வாறு என்னும் ஐயம் மாணவர்க்கு எழுதல் இயல்பு. இலைகள் உள்ளவரை நீர் அவற்றின் வழியே ஆவியாகிக்கொண்டிருக்கும். இலைகள் உதிர்ந்தபின் அவ்விழப்பு பெரிதும் குறைகிறது. வேர் ஈர்க்கும் சிறிதளவு நீரும் அடிமரத்திலும் கிளைகளிலும் தங்கி, மொட்டு விரியப் போதுமானதாகிறது. பகற்பொழுதின் நீட்சியும் சில இனங்களைத் தூண்டுகிறது. பெங்களூரில் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. எனினும் வெப்பமண்டல மரங்கள் சில அச்சிறு மாற்றத்தையும் உணர்கின்றன. பருவந்தவறிய ஒரு மழையாலும் சில இனங்களின் பூப்பு முந்துவதுண்டு. இலை மறைக்காத பூவைப் பறவையும் வண்டும் தொலைவிலிருந்தே காண்கின்றன. கோடையில் முற்றும் விதைக்கு மழைக்காலம் அண்மையிலேயே வந்துவிடுகிறது.

இலையற்ற இந்நிலை அழகுடையதாயினும் தோட்ட அமைப்பாளருக்கு ஓர் இடர்ப்பாடு. பேருந்துக்குக் காத்து நிற்பவருக்கும் பள்ளி முற்றத்தில் அமரும் சிறுவருக்கும் நிழல் மிகுதியும் வேண்டப்படும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே சில மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. ஆகையால், ஒரு பள்ளி வளாகத்தில் பத்துக் குழிகளே உளவெனில் ஏழில் புங்கும் வேம்பும், எஞ்சியவற்றில் வண்ண மரங்களும் நடுதல் தகும் என்பது என் கருத்து. புங்கும் இலையுதிர்ப்பதே, ஆயினும் சில வாரங்களுக்குள் அடர்ந்த தளிரால் மூடிக்கொள்கிறது. குல்மோஹரையும் பெருங்கொன்றையையும் கட்டடங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் அருகில் நடலாகாது. ஏப்ரல், மே மாதங்களின் இடிமழைக் காற்றில் இவை எளிதில் முறிவன. வேரோடு சாய்வதும் உண்டு. அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் பூசிவிடுவது இத்தீங்கை மிகுவிக்கும். வேருக்குக் காற்றும் நீரும் கிடையா.

இனிக் குறிப்பெடுத்தல் பற்றி. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி பூத்த நாட்களின் குறிப்பு ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து தொகுக்கப்பட்டுள்ளது; 2021ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் நிகழ்ந்த முழுப்பூப்பு அதுவரை பதிவானவற்றுள் மிக முந்தியது என்பதை அக்குறிப்புகளாலேயே கூற முடிந்தது. கேரளத்தில் விஷுவுக்கு உரிய கொன்றை பல வாரங்கள் முன்னரே பூத்து உதிர்வதாக மக்கள் கூறுகின்றனர். பழைய குறிப்புகள் இல்லாவிடில் அதனை அளந்து காட்டுதல் அரிது. சீசன்வாட்ச் என்னும் நாடளாவிய முயற்சியில் பள்ளி மாணவர் வாரந்தோறும் மரங்களைக் கண்டு பதிந்துவருகின்றனர். அதிற் சேர இயலாத பள்ளியும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு தொடங்கலாம். மரத்திற்கு எண்ணிட்டு, வாரத்தின் ஒரே கிழமையில், அதே மரத்தைக் காண்க. தளிர், முதிர்ந்த இலை, மொட்டு, பூ, காய் ஒவ்வொன்றும் ‘இல்லை’, ‘சிறிது’, ‘மிகுதி’ என எழுதுக. ஒன்றும் நிகழாத வாரத்தையும் விடாது குறிக்க வேண்டும். பூப்பு எந்த வாரத்தில் தொடங்கியது என்பதை அதற்கு முந்திய வெற்று வாரமே உறுதிப்படுத்தும். மழை பெய்த நாளையும் அருகில் எழுதிவைத்தல் நன்று. ஆசிரியர் மாற்றலாகிச் செல்லும்போது நோட்டைத் தம்முடன் கொண்டு செல்லாது பள்ளியிலேயே வைத்துச் செல்க.