உடல் எடை மட்டும் போதும்: எளிமையாகும் இன்சுலின் கருவியும் நமது கரையும்

“சீனி வருத்தம் வயசாளிகளுக்குத்தானே வரும்? பிள்ளைக்கு இனிப்பைக் கூடக் குடுத்தீங்களா?” என் மகளுக்கு முதலாம் வகை நீரிழிவு என்று தெரிந்த நாளில் கல்முனையில் எங்கள் அயலவர்கள் கேட்டது இது. இனிப்புக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் வெளியிலிருந்து இன்சுலின் ஏற்ற வேண்டும்.

ஊசியைவிடப் பாரமானது கணக்கு. ஒரு பீங்கான் புட்டில் எவ்வளவு மாச்சத்து? காய்ச்சல் வந்தால் எவ்வளவு கூட்டுவது? விளையாட்டுப் போட்டி நாளில் எவ்வளவு குறைப்பது? மருந்து கூடினால் சீனி இறங்கிப் பிள்ளை மயங்கும். குறைந்தால் இரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்து. இரவு இரண்டு மணிக்கும் எழும்பி விரலில் குத்திப் பார்க்கிறோம்.

இந்தக் கணக்கைக் கருவியிடம் கொடுப்பதே தானியங்கி இன்சுலின் முறை. தோலின் கீழுள்ள உணரி சில நிமிடங்களுக்கொருமுறை சீனியை அளக்கிறது. அதைப் பார்த்து ஒரு சிறிய பம்பி இன்சுலினைக் கூட்டிக் குறைக்கிறது. ஆனால் பெரும்பாலான கருவிகளுக்கு வைத்தியர் பல அளவுகளை அமைத்துக் கொடுக்க வேண்டும். நாமும் ஒவ்வொரு வேளையும் மாச்சத்தைக் கிராமில் சொல்ல வேண்டும்.

பொஸ்டன் பல்கலைக்கழகப் பொறியியலாளர் எட் டாமியானோவின் மகனுக்குக் கைக்குழந்தையிலேயே இந்த நோய் வந்தது. அந்தத் தகப்பன் தொடங்கிய முயற்சியே ‘ஐலெட்’ கருவி. தொடங்குவதற்கு உடல் எடை மட்டும் போதும். சாப்பாட்டுக்கு ‘வழமைபோல’, ‘கூட’, ‘குறைய’ என்று சொன்னால் சரி. 2022இல் வெளியான 13 வார ஆய்வில், இதைப் பயன்படுத்தியவர்களின் மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் அளவு 7.9 சதவீதத்திலிருந்து 7.3 ஆகக் குறைந்தது. வழமையான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 7.7இலேயே நின்றது. 2023 மே மாதம் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

ஆனால் நமது கரையில் எளிமைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. உணரியும் பம்பியின் குழாயும் சில நாட்களுக்கொருமுறை மாற்றப்பட வேண்டியவை. பம்பியில் இருப்பது விரைவாக வேலைசெய்து தீர்ந்துவிடும் இன்சுலின் மட்டுமே. அது நின்றால் சில மணித்தியாலங்களிலேயே ஆபத்து தொடங்கும். யுத்தத்தில் பாதைகள் மூடப்பட்டதையும், 2004 சுனாமியில் வீடே போனதையும், 2022இல் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததையும் கண்டவர்கள் நாம். எவ்வளவு கெட்டித்தனமான கருவி வந்தாலும் ஊசியும் இன்சுலின் குப்பியும் கையில் இருக்கவேண்டும்.

அதனால் நான் கேட்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தட்டுப்பாடில்லாத இன்சுலின். அடுத்து, கூலிக்குப் போகும் தகப்பனும் வாங்கக்கூடிய விலையில் பரிசோதனைக் கீற்றுகள். பிறகு உணரி. அதன் பின்னர் அந்தக் கருவியும் வரட்டும். புட்டை எடைபோடாமல் பிள்ளைக்குப் பரிமாற எனக்கும் ஆசைதான்.